கரையோரச் சட்டமும் மலைச்சரிவு மக்களும்

மலையும் அதனைச் சார்ந்த இடமும் குறிஞ்சி எனவும், கடலும் அதனைச் சார்ந்த இடமும் நெய்தல் எனவும் தமிழர் நிலத்தை வகுத்து வைத்தனர். நிலத்தின் இயல்புக்கு ஏற்ப மக்கள் வாழ்வு அமையும் என்பது அவ்வகுப்பின் கருத்து. இக்காலத்திலே நிலத்தின் இயல்புக்கு ஏற்பச் சட்டமும் அமையவேண்டியதாயிற்று. அலை அரிக்கும் கரையில் ஒரு விடுதி எழுப்புவதும், மழைக்கு இளகும் சரிவில் ஒரு வீடு கட்டுவதும் சமவெளியில் வீடு கட்டுவது போன்ற செயல்கள் அல்ல. அங்கே ஒருவர் செய்யும் பிழை அயலவரின் உயிரைத் தொடும். ஆதலால் காணி உடையவர் தம் விருப்பப்படி எதனையும் செய்யலாம் என்ற பழைய கொள்கைக்கு உலகெங்கும் எல்லை இடப்பட்டுள்ளது. இலங்கையிலும் கரைக்கெனத் தனிச் சட்டம் உண்டு. மலைக்கெனப் பல விதிகள் உண்டு. அச்சட்டங்களின் பயன் ஊவா மாகாணத்துத் தோட்ட மக்களை எவ்வளவுக்கு எட்டியுள்ளது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் கரையை நோக்குவோம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், கரையோர வலயம் என்ற ஒன்றை அளந்து வரையறுத்தது. சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர், சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றர் என்பது அதன் பொதுவான அளவு. கடலோடு தொடர்புடைய ஆறுகளும் களப்புகளும் உள்ள இடங்களில் அவ்வலயம் உள்நாட்டுப் பக்கமாக மேலும் விரியும். அவ்வலயத்தினுள் எத்தகைய அபிவிருத்தி வேலையையும் அனுமதிப்பத்திரம் இன்றி மேற்கொள்ளலாகாது. வேலை பெரிதாயின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்றைத் தயாரிக்குமாறு திணைக்களம் பணிக்கலாம். அவ்வறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அவர்கள் தம் கருத்தைக் கூறலாம். அனுமதி மறுக்கப்பட்டவர் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம்.

இவ்வொழுங்கின் பயனாகக் கரையோரக் காணி வாணிபத்திலே சட்டத்தரணிகளின் சேவை இன்றியமையாததாகிவிட்டது. விடுதி கட்ட முனையும் கம்பனி, முதலில் காணி உறுதியின் வரலாற்றை ஆராய்விக்கும். நில அளவைப் படத்தைச் சரிபார்க்கும். கடலிலிருந்து எத்தனை மீற்றர் விலகிக் கட்டவேண்டும் என்று கேட்டறியும். அனுமதி மறுக்கப்படின் அடுத்த படி யாது என்பதும் அதற்குத் தெரியும். பணம் உள்ளவருக்குச் சட்டம் ஒரு வழிகாட்டிப் பலகையைப் போல் உதவுகின்றது. இதிற் குற்றம் யாதும் இல்லை. சட்டத்தைக் கேட்டறிந்து கட்டுபவர், கேளாது கட்டுபவரிலும் மேலானவரே.

ஆயினும் கரையிலும் ஏழைக்கு அவ்வழி எளிதாக இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து போனபின், கடலோரத்தில் மீண்டும் வீடு கட்டலாகாது என ஒரு தடை வலயம் அறிவிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என அது அமைந்தது. கடலை நம்பிய மீனவர், படகும் வலையும் கிடக்கும் இடத்தைவிட்டு எங்கே போவது என்று திகைத்தனர். மாற்றுக் காணி தேடுவது பெருஞ்சிக்கலாயிற்று. பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டது. கோடு வரைவது மட்டும் காவல் ஆகாது. கோட்டுக்கு உள்ளே இருப்பவர் வெளியே போய் வாழ ஓர் இடமும் வேண்டும். இப்பாடத்தைக் கடற்கரை நமக்குக் கற்பித்தது. மலைநாடு அதே பாடத்தைப் பத்தாண்டுகள் கழித்து, வேறொரு வகையிற் கற்க நேர்ந்தது.

இனி மலைக்கு வருவோம். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை, லுணுகலை என விரியும் ஊவாவின் மலைச்சரிவுகளுக்குச் சட்டக் காவல் இல்லை என்று எவரும் கூறமுடியாது. 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் கரையோரச் சட்டத்துக்கு முப்பது ஆண்டுகள் மூத்தது. அரிப்புக்கு உள்ளாகும் நிலம் எது என அறிவிக்கவும், அந்நிலத்தைக் காக்குமாறு உடைமையாளரைக் கட்டாயப்படுத்தவும் அஃது இடமளிக்கின்றது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. எத்திட்டங்களுக்கு அது வேண்டும் என்பதை 1993 ஜூன் 24ஆம் நாளின் அதிவிசேட வர்த்தமானி வகுத்துக் கூறியது. மண்சரிவு அபாயம் உள்ள இடங்களைப் படமாக வரையும் பணி 1990இல் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவை பதுளை, நுவரெலியா ஆகிய இரு மாவட்டங்களே. 2011ஆம் ஆண்டின் ஒரு சுற்றறிக்கைப்படி, அபாயம் உள்ள மாவட்டங்களிற் கட்டட அனுமதி வழங்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பெறவேண்டும்.

விதிகள் இத்தனை இருந்தும் குறை எங்கே உள்ளது? இவ்விதிகள் யாவும் காணிக்கு உரியவர் ஒருவர் உளர் என்று எண்ணி எழுதப்பட்டவை. அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் உறுதியையும் நில அளவைப் படத்தையும் காட்டவேண்டும். மண்ணைக் காக்கும் கடமையும் உடைமையாளரையே சாரும். ஆனால் ஊவாவின் தோட்டச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவருட் பெரும்பாலோர் தாம் வாழும் நிலத்துக்கு உரியவர் அல்லர்.

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பது சரித்திரம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் அத்துமீறல் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் உரிமை காட்டப்படாத நிலமும் முடிக்குரியவை எனக் கொண்டது. அவ்வாறு முடியின் கைக்கு வந்த மலைகள் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் அங்கே பயிராயின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், வேலையோடு சேர்ந்த ஒரு லயத்து அறையைப் பெற்றார்களேயன்றிக் காணியைப் பெறவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவராக்கியது. எஞ்சியிருந்தோரின் சிக்கல் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலேயே தீர்க்கப்பட்டது. 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் இத்தனை முறை கைமாறியும், லயத்து அறைக்கு உறுதி எழுதப்படவில்லை. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தம் நிதியைச் செலவிடுவதற்கு இருந்த சட்டத் தடைகூட 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே நீங்கியது.

இதன் விளைவை 2014 அக்டோபர் 29ஆம் நாள் நாடு முழுவதும் கண்டது. பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டப் பிரிவின்மீது, காலை வேளையில், மேலிருந்த மலைச்சரிவு இடிந்து இறங்கியது. பிள்ளைகளிற் பலர் பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பினர். லயங்கள் சேற்றினுள் மறைந்தன; முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலருடைய உடல்கள் மீட்கப்படவே இல்லை.

நேயர்களே, அம்மலை எவரும் எதிர்பாராத வேளையில் இடிந்ததன்று. 2005இலும் 2011இலும் அவ்விடம் அபாயமானது என்றும், மக்களை அகற்றவேண்டும் என்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அவ்வாறாயின் அவர்கள் ஏன் அகலவில்லை எனச் சிலர் கேட்டனர். அக்கேள்விக்கு விடை கூறுமுன், அவர்கள் எங்கே அகன்றிருக்கக் கூடும் என்று கேட்பதே நீதி. லயத்தை விட்டால் வேறு கூரை இல்லை. சுற்றியிருந்த நிலம் முழுவதும் தோட்டத்துக்குரியது. அங்கே ஒரு குடிசை போடுவதற்கும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வேலைக்குப் பெயர் பதியும் இடம் லயத்தின் அருகிலேயே இருந்தது. விலகிப் போ என்று கூறும் கடிதம் இருந்தது. போய் நிற்க ஓர் அடி நிலம் இருக்கவில்லை. தப்பியோர் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தற்காலிக இருப்பிடங்களில் வாழ்ந்தபின், 2016 அக்டோபரிலே பூனாகலைப் பகுதியின் மாகல்தெனியவில் அமைந்த 75 வீடுகள் அவர்களுக்கு வழங்கப்பட்டன. இடிந்தபின் கிடைத்த அந்நிலம் இடியுமுன் கிடைத்திருந்தால், அத்தனை உயிர்களும் எஞ்சியிருக்கும்.

மலைச்சரிவு எவ்வாறு இடிகின்றது என்பதையும் அறிந்துகொள்வது நன்று. மண்ணின் துளைகளிலே மழைநீர் நிறைய நிறைய, மண் துகள்களிடையே உள்ள பிடிப்புத் தளர்கின்றது. மண்ணின் பாரமும் கூடுகின்றது. அடிவாரத்தை வெட்டி வீதியோ கட்டடமோ அமைத்தால் மேலுள்ள மண்ணுக்குத் தாங்கல் இல்லாது போகின்றது. முற்காலத் தோட்டங்களில் கான் வெட்டுவதும், வெட்டிய கானைத் துப்புரவாக வைத்திருப்பதும் ஒழுங்கான வேலையாக இருந்தன. கான் தூர்ந்தால் ஓடவேண்டிய நீர் மண்ணுக்குள் இறங்கும். நிலத்தில் வெடிப்புத் தோன்றுதல், புதிய ஊற்றுப் பிறத்தல், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல், மரமும் கம்பமும் சாய்தல், கதவுகள் சட்டத்தில் இறுகுதல் ஆகியவை மலை தரும் முன்னறிவிப்புகள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவேண்டும். 100 மில்லிமீற்றரைக் கடந்தால் புறப்பட ஆயத்தமாகவேண்டும். 150 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேறவேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கைக்கொள்ளும் அளவு.

இவ்வபாயம் தோட்டத்தோடு நிற்பதும் அன்று. கரையோரத்தைப் போலவே மலைநாட்டிலும் உல்லாசப் பயணத் தொழில் பெருகியுள்ளது. எல்ல நகரைச் சூழ்ந்த சரிவுகளில் விடுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்துள்ளன. மேலே ஒருவர் மண்ணை வெட்டினால், கீழே குடியிருப்பவர் அதன் விளைவை அனுபவிப்பார். நிலத்தின் மேலே வெட்டுவது மட்டுமன்றி அடியிலே குடைவதும் அவ்வாறே. உமா ஓயாவின் நீரைக் கிரிந்தி ஓயாப் படுகைக்குத் திருப்புவதற்காகப் பண்டாரவளைப் பகுதியின் அடியிலே சுரங்கம் அமைக்கப்பட்டது. 2014 டிசம்பரில் அதனுள் நிலத்தடி நீர் பெருகிப் பாய்ந்தது. மேலே கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூனில் மக்கள் பண்டாரவளையிலே திரண்டு முறையிட்டனர். அத்திட்டம் நிறைவுபெற்று 2024 ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்டது. தென்கிழக்கு வறண்ட நாட்டுக்கு நீர் வேண்டியதே, மின்சாரமும் வேண்டியதே. ஆயினும் சுவர் வெடித்த வீட்டுக்கு உறுதி உடையவர் இழப்பீடு கேட்பது எளிது. லயத்து அறையில் வாழ்பவர் எந்தப் பத்திரத்தைக் காட்டிக் கேட்பார்?

நீதிமன்றங்கள் இவ்விடயத்திற் கண்மூடி இருக்கவில்லை. எப்பாவலப் பொஸ்பேற்றுப் படிவை அகழும் திட்டத்தை எதிர்த்து அவ்வூரார் எழுவர் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பை வழங்கியது. நாட்டின் இயற்கை வளத்துக்கு அரசு காவலாளியே என்பதும், முறையான சுற்றாடல் ஆய்வின்றி அத்திட்டத்தை நிறைவேற்றலாகாது என்பதும் அதன் சாரம். தெற்கு அதிவேக வீதியின் பாதை மாற்றப்பட்டபோது, அதனாற் பாதிக்கப்பட்ட காணிக்காரரைக் கேளாது முடிவு செய்தது தவறு என 2004இல் அந்நீதிமன்றம் கூறியது. கொழும்பிலே கடலோரத்துக் காலிமுகத் திடலை ஒரு கம்பனிக்கு அளிக்கும் ஏற்பாடு பற்றிய விவரங்களை அதிகாரசபை மறைத்தபோது, அம்மறுப்பு அடிப்படை உரிமைகளை மீறுவது என 2005இல் தீர்ப்பாயிற்று. எப்பாவல ஊராரும் அதிவேக வீதிக் காணிக்காரரும் தம் காணியையும் வாழ்வையும் காக்கவே நீதிமன்றப் படி ஏறினர். கடலோர வழக்கைத் தொடுத்தது ஒரு சுற்றாடல் அமைப்பு. எவராயினும் கேட்டவர்க்கே தீர்ப்புக் கிட்டியது.

ஆகவே தோட்ட மக்கள் கேட்கக்கூடிய வழிகள் எவை என்பதை அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது, தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, தம் லயம் அமைந்த சரிவைப் பற்றிய அறிக்கையைத் தருமாறு எந்தப் பிரசையும் அரச நிறுவனத்திடம் கேட்கலாம். பொதுவாகப் பதினான்கு வேலை நாட்களுள் முடிவு கூறப்படவேண்டும். கேட்கும் தகவல் ஒருவரின் உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பற்றியதாயின், நாற்பத்தெட்டு மணி நேரத்துள் விடை வேண்டும் என அச்சட்டம் கூறுகின்றது. லயத்தின் மேலே நிற்கும் மலை உயிரைப் பற்றிய தகவல் அன்றி வேறென்ன?

இரண்டாவது, கருத்துக் கூறும் உரிமை. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்று பார்வைக்கு வைக்கப்படும்போது வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வெளிவரும். கருத்தைக் கூறுவதற்கு முப்பது நாட்கள் உண்டு. பத்திரிகையின் மூலையில் வரும் அந்தச் சிறிய அறிவித்தலை வாசித்து ஊராருக்கு எடுத்துச் சொல்ல, ஒவ்வொரு தோட்டத்திலும் படித்த பிள்ளை ஒருவராவது இன்று இருக்கின்றார்.

மூன்றாவது, நீதவான் நீதிமன்றம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்படி, பொதுமக்களுக்குத் தீங்கு விளைக்கும் தொல்லை ஒன்றை நீக்குமாறு நீதவான் கட்டளையிடலாம். இதற்குக் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை; காணி உறுதியும் வேண்டியதில்லை. அடிப்படை உரிமை வழக்காயின் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அதற்குரிய காலம் உரிமை மீறப்பட்டதிலிருந்து ஒரு மாதமே என்பதை மறத்தலாகாது. பலருடைய முறையீடு நியாயமாக இருந்தும் காலங்கடந்தமையால் வீணாகியுள்ளது.

இவற்றுக்கெல்லாம் சட்டத்தரணிக்குப் பணம் எங்கே என்ற ஏக்கம் எழுவது இயல்பு. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வறியோருக்கு இலவசமாக ஆலோசனை கூறவும் அவர்கள் சார்பில் வழக்காடவும் ஏற்பட்டது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டுள்ளன. அங்கே தமிழில் எழுதித் தமிழில் விடை பெறுவது உரிமையேயன்றிச் சலுகை அன்று. விடுதிக் கம்பனிக்குக் காசு கொடுத்துக் கிட்டும் சட்ட அறிவு, தோட்டத் தொழிலாளிக்குக் கேட்டுப் பெறும் அளவிலாவது கிட்டவேண்டும்.

ஆயினும் வழக்கும் விண்ணப்பமும் நிலத்துக்கு ஈடாகமாட்டா. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயலின் பெருமழையால் மலைநாடெங்கும் சரிவுகள் இடிந்தபோது, பதுளை மாவட்டம் மிகக் கடுமையாகத் தாக்குண்டது. மீரியபெத்தையின் பாடம் பதினோராண்டுகள் கழிந்தும் முழுமையாகக் கற்கப்படவில்லை என்பதை அத்துயரம் காட்டிற்று. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சுக் காணி என்ற ஏற்பாடு தோட்ட வீடமைப்பிலே வழக்கத்துக்கு வந்துள்ளது. அக்காணிகள் விரைந்து வழங்கப்படவேண்டும். வழங்குமுன் அச்சரிவு உறுதியானதா என ஆராய்ந்த அறிக்கையும் உடனிருக்கவேண்டும். உறுதி இருந்தும் மண் உறுதியாக இல்லாவிடின் பயனில்லை. மண் உறுதியாக இருந்தும் பத்திரம் இல்லாவிடின், அடுத்த தலைமுறை மீண்டும் பிறர் அனுமதிக்குக் காத்து நிற்கும்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பது நம்மவர் வாக்கு. ஊவாவில் மழைக்காலம் ஆண்டுதோறும் தவறாது வரும். அதற்குமுன் ஒவ்வொரு தோட்டத்திலும் மூன்று கேள்விகள் எழுத்தில் கேட்கப்படட்டும். எங்கள் லயத்துக்கு மேலுள்ள சரிவைப் பற்றிய அறிக்கை யாது? அபாயமாயின் எங்களுக்குரிய மாற்றுக் காணி எது? அக்காணியின் உறுதி எந்நாளிற் கைக்கு வரும்? பாடசாலைப் பிள்ளைகள் இக்கடிதத்தைப் பெற்றோருக்காக எழுதிக்கொடுக்கட்டும். தோட்டச் சங்கங்கள் அதிலே கையெழுத்திடட்டும். அதனைப் பெற்றுக்கொண்டமைக்குப் பற்றுச்சீட்டும் வாங்கி வைக்கட்டும். எழுத்திற் கேட்ட கேள்வி கோவையில் இருக்கும். அதற்கு விடை கூறாதிருந்தவர் பின்னர் ஒருநாள் அறியாதிருந்தேன் என்று சொல்ல முடியாது.